சிவப்புக் கோடும் செவ்விய உரையாடலும்

நிறவேற்றுமை என்றவுடன், ஒருவர் மற்றொருவரை இழித்துரைப்பதும் அடித்து விரட்டுவதுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆயின், எவரும் எவரையும் வையாமலே, அலுவலக மேசையில் அமைதியாக நிகழும் நிறவேற்றுமையும் உண்டு. சட்டமும் விதியும் வழக்கமும் ஒன்றுகூடி ஓரினத்தாரைப் பின்தள்ளும் இதனை அமைப்புவழி நிறவேற்றுமை என்பர்.

ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு இதற்குத் தக்க சான்று. வீட்டுக் கடனால் நலிந்தோரைக் காக்கும் பொருட்டு, 1933ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் ஒரு கடன் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. அது 200க்கு மேற்பட்ட நகரங்களின் பகுதிகளைத் தரம்பிரித்து, வரைபடங்களில் நான்கு நிறங்கள் தீட்டியது. பச்சை மிக நல்ல பகுதியைக் குறித்தது. சிவப்பு அபாயத்தைக் குறித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பாயின. 1934இல் அமைந்த கூட்டாட்சி வீடமைப்பு நிர்வாகமோ, வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி அளித்தது. கறுப்பின மக்களின் பகுதிகளுக்கு அதனைப் பெரும்பாலும் மறுத்தது. காப்புறுதி இல்லாத இடத்தில் வங்கி பணத்தை இடுமா?

வீடு விற்றல், வாடகைக்கு விடுதல், கடன் வழங்கல் ஆகியவற்றில் இத்தகைய பாகுபாட்டை 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. கோடு அழிந்தது, விளைவு அழியவில்லை. கடன் பெற்ற குடும்பம் வீடு வாங்கியது. வீட்டின் விலை ஏறியது. அம்முதல் பிள்ளைகளின் கல்விக்கும் தொழிலுக்கும் உதவியது. கடன் மறுக்கப்பட்ட குடும்பமோ வாடகை கொடுத்தே காலங்கழித்தது. அந்நாட்டுப் பாடசாலைகளின் வருவாயில் கணிசமான பங்கு அவ்வவ்விடத்துச் சொத்துவரியிலிருந்து கிடைப்பதால், வறிய பகுதியின் பாடசாலையும் நலிவுற்றது.

இதுபற்றிப் பேசப் புகுவோர் எளிதில் மனத்தாங்கல் கொள்கின்றனர். “நான் எவரையும் வெறுத்ததில்லையே” என்பார் ஒருவர். “என் பாட்டனாருக்குக் கடன் மறுத்தார்களே” என்பார் மற்றவர். இரண்டும் உண்மையாயிருத்தல் கூடும். ஒருவர் தம் உள்ளத்தைப் பற்றிப் பேசுகின்றார். மற்றவர் ஒரு விதியைப் பற்றிப் பேசுகின்றார். இவ்வேறுபாட்டை உணர்ந்தாலே பாதிப் பிணக்குத் தீரும்.

குற்றவாளி யார் என்று தொடங்கும் பேச்சுச் சண்டையில் முடிகின்றது. எந்த விதி யாரைத் தடுத்தது, அதன் விளைவு இன்று எங்கே நிற்கின்றது, அதனை மாற்றும் வழி யாது என்று வினவும் பேச்சுப் பயன் தருகின்றது. பாதிக்கப்பட்டவர் கூறுவதை இடைமறியாது கேட்டல் அதற்கு முதற்படி. தம் குடும்பம் பெற்ற வாய்ப்புகளை எண்ணிப் பார்த்தல் அடுத்த படி. பாட்டன் காலத்துக் கோட்டுக்குப் பேரன் குற்றவாளியாகான். எனினும் அதனால் நீடிக்கும் குறையை நீக்கும் கடமையில் அவனுக்கும் பங்குண்டு.