தோட்டத்து இசைக்கூடத்தில் ஒலித்தடுப்பு

தோட்டத்து இசைக்கூடம் என்பது வீட்டை ஒட்டியோ நிலத்தின் ஒரு மூலையிலோ தனியாகக் கட்டப்படும் இசைப் பயிற்சி அறை அல்லது ஒலிப்பதிவு அறையாகும். தமிழ்நாட்டில் இவ்வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, ஏ. ஆர். ரகுமான் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்த்து அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடம். 1992இல் வெளிவந்த ரோஜா படத்தின் இசை அங்கே உருவானது. இத்தகைய அறையில் ஒலித்தடுப்பு இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும்: உள்ளே வாசிப்பது அண்டை வீட்டுக்குப் போகக் கூடாது, வெளியே எழும் ஒலி ஒலிவாங்கிக்குள் வரக் கூடாது.

கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் இரண்டாவது வேலையும் சிறியதல்ல. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த பேரூராட்சி இது. லாரிகளின் உறுமல், வயல்களில் ஓடும் மோட்டார், விடியற்காலை மயில், மழைக்காலத் தவளை என எல்லாமே நல்ல ஒலிவாங்கியில் பதிவாகும்.

திருவண்ணாமலை மாவட்டம் தெருக்கூத்துக்குப் பெயர்பெற்றது. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை அதன் முக்கிய மையங்களுள் ஒன்று. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடந்தால் ஊரே அமர்ந்து பார்க்கிறது. ஆனால் ஆண்டுக்குச் சில இரவுகள் கேட்கும் ஒலியும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுச் சுவரைத் தினமும் இரவு எட்டு மணிக்குத் தட்டும் தவில் பயிற்சியும் ஒன்றல்ல. சட்டமும் இதைப் பேசுகிறது. ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பு வைக்கிறது. கிராமத்து இரவின் அமைதியில் அந்த 45கூடத் தெளிவாகக் கேட்கும் என்பதை மனத்தில் கொள்வது நல்லது.

தடுப்பதும் உறிஞ்சுவதும்

இந்தத் துறையில் அதிகப் பணம் வீணாவது ஒரு குழப்பத்தால்தான். ஒலியைத் தடுப்பது வேறு, உறிஞ்சுவது வேறு. சுவரில் ஒட்டும் பஞ்சுப் பலகை, கம்பளம், திரை ஆகியவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். சுவரைத் தாண்டிப் போகும் ஒலியை அவை அநேகமாகத் தொடுவதே இல்லை. முட்டை அட்டை ஒட்டினால் அறை ஒலிபுகாததாகிவிடும் என்பது நீண்ட நாள் நம்பிக்கை. அது தடுப்பதுமில்லை, ஒழுங்காக உறிஞ்சுவதுமில்லை. எளிதில் தீப்பற்றும் என்பதுதான் மிச்சம். தெர்மோகோலும் வெப்பத்துக்கு உதவலாம், ஒலிக்கு உதவாது.

எடை

ஒலியைத் தடுப்பது முதன்மையாக எடை. ஒரு சதுர மீட்டர் சுவரின் எடை இருமடங்கானால் தடுப்பு ஏறக்குறைய 5 முதல் 6 டெசிபல் கூடும். இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அது சுமார் 50 டெசிபல் தடுக்கும். நாலரை அங்குலச் சுவர் அதைவிடச் சில டெசிபல் குறைவு. இப்போது பரவலாக விற்கும் எடை குறைந்த ஏஏசி கல், வெப்பத்துக்கு நல்லது. அந்த எடைக்குறைவே ஒலிக்குப் பாதகம். ஹாலோ பிளாக் கட்டினால் இருபுறமும் பூசியே ஆக வேண்டும், பூசாத கல்லின் நுண்துளை வழியே ஒலி கசியும். செங்கல்லானாலும் கொத்தனார் செங்குத்து இணைப்புகளில் கலவையை நிரப்பாமல் விட்டுப் பூச்சால் மூடிவிட்டால் கணக்கு தப்பும். கட்டும்போது கூட நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

குரல், வீணை, வயலின் பயிற்சிக்கு இந்தச் சுவரும், அண்டை வீட்டிலிருந்து கொஞ்சம் தூரமும் போதும். திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். தோட்டம் இலவசமாகத் தரும் தடுப்பு அது. தவில், பறை, டிரம்ஸ் கதை வேறு. மூடிய அறையில் இவை 100 டெசிபலை எளிதில் தொடும். அவற்றின் தாழ்ந்த ஒலிதான் பிடிவாதமானது: 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அதற்குச் சுவரின் மேற்பரப்பில் எதை ஒட்டினாலும் பொருட்டில்லை.

அறைக்குள் அறை

அங்கே உதவுவது பிரிவு. செங்கல் சுவருக்கு உள்ளே, அதைத் தொடாமல் சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தனிச் சட்டம் நிறுத்தி, அதில் இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு அடித்து, இடைவெளியில் ராக் வூல் நிரப்புவது வழக்கம். தரையும் உள்கூரையும் இதேபோல் பிரிந்திருக்க வேண்டும். இடைவெளி குறுகினால் இரு சுவர்களும் நடுவிலுள்ள காற்றை ஸ்பிரிங்காக்கிக்கொண்டு சேர்ந்து அதிரும்; அந்த அதிர்வெண்ணில் தடுப்பு சரிந்துவிடும். இரட்டைச் செங்கல் சுவர் கட்டுவோரும் உண்டு. அப்போது நடுவில் சிந்தும் கலவைக் கட்டி இரு சுவரையும் இணைக்கும் பாலமாகும். ஆசாரி உறுதிக்காக அடிக்கும் ஒரு நீண்ட ஆணியும் அதே வேலையைச் செய்யும்.

இதற்கெல்லாம் கடைக்கால் தோண்டும் முன்பே இடம் ஒதுக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உள்ளறை வைத்தபின் ஒவ்வொரு பக்கமும் ஒன்றேகால் அடியாவது சுருங்கும்.

ஓட்டை

நூறு சதுர அடிச் சுவரில் ஒரு சதுர அடி திறப்பு இருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு தடித்ததானாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. மூன்றடி அகலக் கதவின் கீழே 5 மில்லிமீட்டர் சந்து என்பது யாரும் கவனிக்காத அளவு. ஆனால் 200 சதுர அடிச் சுவரில் அந்தச் சந்து ஒன்றே 50 டெசிபல் தடுப்பை ஏறத்தாழ 36க்கு இறக்கிவிடும். எனவே பணம் குறைவென்றால் முதலில் கதவுக்குச் செலவிடலாம்: உள்ளீடற்ற பிளஷ் டோரைத் தவிர்த்துக் கனமான கட்டைக் கதவு, நிலையைச் சுற்றி ரப்பர் பீடிங், கீழே வாசற்படி. நடுவே சிறு இடைவழி விட்டு இரண்டு கதவுகள் வைத்தால் இன்னும் நல்லது. ஜன்னல் வேண்டாம், வேண்டுமென்றால் திறக்காததாக, வெவ்வேறு தடிமனில் இரு கண்ணாடிகள். சுவரைக் கொத்திப் புதைக்கும் மின்குழாய்களும் சுவிட்ச் பெட்டிகளும் ஓட்டைகளே. அவற்றின் வாயைச் சிலிகான் கொண்டு அடைக்க வேண்டும்.

கூரையும் காற்றும்

தகரக் கூரை மலிவு. மழை பெய்தால் பதிவை நிறுத்திவிட வேண்டியதுதான். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் எடையால் ஒலியையும் மழைச் சத்தத்தையும் அடக்கும். ஆனால் வெயிலை வாங்கி இரவுவரை வெளியிடும். மேலே வெள்ளை நிறக் கூல் டைல்ஸ் பதிப்பது அதற்காக.

குளிர்நாட்டு நூல்களைப் பார்த்துக் கட்டுவோர் இங்கே சறுக்குவது காற்றில். ஒலி புகாத அறை காற்றும் புகாத அறை. ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 100 வாட் வெப்பம் வெளியிடுகிறார். ஐந்து கலைஞர்கள் சித்திரை மாதத்தில் அரைமணி வாசித்தால் யாராவது கதவைத் திறந்து வைப்பார்கள். செலவழித்த அத்தனையும் அந்தக் கதவு வழியே போய்விடும். சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றைத்தான் குளிர்விக்கிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஆகவே காற்று உள்ளே வரவும் வெளியேறவும் இரண்டு தனி வழிகள் வேண்டும். ஒவ்வொன்றும் உள்ளே கிளாஸ் வூல் பதித்து, அதன் மேல் துணி போர்த்தி, காற்று மூன்று நான்கு முறை வளைந்து போகும்படி தடித்த பிளைவுட்டில் செய்த பெட்டி. குழாய் அகலமாகவும் மின்விசிறி மெதுவாகவும் இருந்தால் இரைச்சல் எழாது. ஏசியின் வெளி யூனிட்டைச் சுவரில் மாட்டாமல் தரையில் தனிமேடை மேல் ரப்பர் வைத்து நிறுத்த வேண்டும்.

சோதனை

உள்அலங்காரத்துக்கு முன் சோதிப்பது எளிது. இரவில் உள்ளே விளக்கைப் போட்டுக் கதவைச் சாத்தி, வெளியே இருட்டில் சுற்றி வந்தால் வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஒலி கசியும் இடம். பிறகு ஒருவர் உள்ளே தவில் வாசிக்க, இன்னொருவர் வேலியோரத்திலும் அண்டை வீட்டுத் திண்ணையிலும் நின்று கேட்க வேண்டும். கைபேசிச் செயலியின் டெசிபல் எண் துல்லியமானதல்ல. கதவருகே எவ்வளவு, பின்சுவரருகே எவ்வளவு என ஒப்பிட மட்டும் அது பயன்படும். கசிவு கதவடியிலா, காற்றுப்பெட்டியிலா, குழாய் வாயிலா என்று தெரிந்து அடைத்த பிறகே பஞ்சுப் பலகைகளை வாங்கப் போகலாம்.