பொரியும் விதையும்

பெயரிற் குறிஞ்சி, நிலத்தில் நெய்தல். புத்தளம் மாவட்டக் கரையோரத்துக் குறிஞ்சிப்பிட்டியின் இயல்பு இது. கற்பிட்டிக் குடாநாட்டு மணற்றரையிற் கிணற்றுநீர் இறைத்துத் தோட்டஞ்செய்வோர் தம் வீட்டு வளவின் ஒரு மூலையிற் பொரிச்சோளத்தையும் வளர்த்தல் கூடும். வளர்த்தல் எளிது, அதன் விதையைக் கெடாமற் காத்தலே அரிது. அதற்குரிய காரணத்தையும் வழியையும் ஈண்டு நோக்குவாம்.

எல்லாச் சோளமும் பொரிவதில்லை. பொரிச்சோளத்தின் மணி சிறியது; தோல் உறுதியானது; உள்ளிருக்கும் மாப்பொருள் கண்ணாடிபோல் இறுகியது. மணியினுள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பங்கு ஈரம் இருத்தல் வேண்டும். வெப்பம் 180 பாகை செல்சியசை அணுகும்பொழுது அவ்வீரத்தின் ஆவியழுத்தந் தாங்காது தோல் வெடிக்க, மா மலர்கின்றது. மிகையாக உலர்ந்த மணியும் தோல் கீறுண்ட மணியும் நன்கு பொரியா.

சோளத்தின் ஆண்பூ உச்சியிலும் பெண்பூவாகிய பொத்தி இடையிலும் அமைந்துள்ளன. மகரந்தத்தைக் கொண்டுசெல்வது காற்று. அக்குடாநாட்டின் காற்று வலிமைக்கு மாம்புரியில் நாட்டப்பெற்ற காற்றாலைகளே சான்று. அயலிற் சாதாரணச் சோளம் பூத்திருப்பின் அதன் மகரந்தம் நம் பொத்தியிற் படியும். அவ்விதையின் வழித்தோன்றல்களிற் பொரியுந்திறன் குன்றும். ஆதலின் 200 மீற்றர் இடைவெளியேனும், பூக்குங் காலத்தில் ஒரு மாத வேறுபாடேனும் வேண்டும். இரண்டும் இயலாவிடத்துக் கடதாசிப் பையே துணையாகும். பட்டிழை வெளிவருமுன் பொத்தியை மூடுக. ஆண்பூந்துணரை முதல்நாள் மாலையிற் பையாற் கட்டி, மறுநாட் காலையில் மகரந்தத்தைச் சேர்த்துப் பட்டிழையில் தூவி மீண்டும் மூடுக.

இரு பொரிச்சோள வகைகளைக் கலக்க விரும்புவோர்க்கும் இம்முறையே உரியது. தூய வெள்ளை மணி வகையைத் தாயாகவும், மஞ்சள் மணி வகையைத் தந்தையாகவுங் கொள்ளின், கலப்புற்ற மணிகள் அப்பொத்தியிலேயே மஞ்சளாகத் தோன்றும். உள்ளிருக்கும் மாப்பகுதியில் தந்தைக்கும் பங்குண்டு என்பதே அதற்குக் காரணம். மணியின் தோலோ முற்றிலுந் தாய்க்குரியது. எனவே அம்மணியைப் பொரித்துக் கலப்பின் தரத்தை முடிவுசெய்தல் பொருந்தாது. அதனை விதைத்து வளர்த்து, அடுத்துவரும் பொத்திகளின் மணிகளைப் பொரித்தே காணல் வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. பொரித்த மணி முளைக்காது; பொரித்துப் பாராத மணியின் திறனோ தெரியாது. இவ்வகைச் சிக்கலுக்கு விடை பழையதே. அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் 1896 ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், சிரில் ஒப்கின்சு என்பார் பொத்திதோறுஞ் சில மணிகளை எடுத்துப் பகுத்தாய்ந்து, சிறந்த பொத்திகளின் எஞ்சிய மணிகளைத் தனித்தனி வரிசையாக விதைத்தார். வீட்டிலும் இதனைச் செய்யலாம். பொத்திகளுக்கு இலக்கமிட்டு, ஒவ்வொன்றிலும் 20 மணிகளைப் பொரித்து, பொரிந்தவற்றின் தொகையையும் பருமனையுங் குறித்து, சிறந்தவற்றின் எஞ்சிய மணிகளை விதைக்கு வைத்தல் வேண்டும். மணிகள் ஒரே அளவு உலர்ந்திருந்தாலன்றி ஒப்பீடு பிழைபடும்.

ஆயினும் மிகச் சிறந்த ஒரு பொத்தியை மட்டும் வைத்துக்கொள்ளல் ஆகாது. சோளம் அயன்மகரந்தச் சேர்க்கைக்கு உரிய பயிர். நெருங்கிய உறவினவே தலைமுறைதோறுங் கலப்பின் செடி குறுகும், விளைவு குன்றும். பல பொத்திகளிலிருந்து விதை சேர்த்தல் இன்றியமையாதது. வளவு சிறிதாயின் அயலார் சிலர் ஒரே வகையைப் பயிரிட்டுத் தம்முள் விதை மாற்றிக்கொள்ளல் நன்று. காற்றுக்கு வேலியில்லை, ஆதலின் விதைகாத்தல் ஒரு வீட்டின் தனிவேலை அன்று.

நல்ல பொத்தியை உண்டு எஞ்சியதை விதைப்போமாயின், ஆண்டுதோறுந் தாழ்ந்ததையே தெரிவுசெய்தவராவோம். சில மணிகளைப் பொரித்துச் சுவை கண்டபின் சிறந்ததை உண்ணாது மண்ணுக்கு அளிப்பவரே அடுத்த போகத்திலும் நற்பொரி காண்பர்.