காவல் நாயின் உடல் வலு: உணவும் உழைப்பும் ஓய்வும்

மலையகத் தோட்டப்புறங்களில் நாய் வளர்ப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. லயத்தின் பின்னால் மாட்டுப்பட்டி, அதற்கு அப்பால் ஒரு துண்டு மரக்கறித் தோட்டம், அதற்கும் அப்பால் காடு என்று அமைந்துள்ள பொகவந்தலாவை போன்ற பிரதேசங்களில், காட்டுப்பன்றியின் வருகையையும் அந்நியரின் வருகையையும் முதலில் அறிவிப்பது நாயே. எனவே, பலமானதொரு நாய் தமது வாசலில் இருக்க வேண்டும் என்று மக்கள் விரும்புவது இயல்பானதாகும்.

ஆனால், அந்த விருப்பம் அண்மைக் காலமாக வேறொரு வடிவத்தை எடுத்துள்ளது. கைத்தொலைபேசித் திரையில் தோன்றும் அகன்ற மார்பும் முறுக்கேறிய தொடையும் கொண்ட வெளிநாட்டு நாய்களைப் பார்த்து, தமது நாயையும் அவ்வாறு ஆக்கிவிட வேண்டும் என்று சில இளைஞர்கள் முனைகின்றனர். கழுத்தில் கனத்த சங்கிலியைப் போடுவது, வளர்ந்து முடியாத குட்டியைப் பழைய டயர் இழுக்க விடுவது, யாரோ சொன்ன ஊசியையும் மாத்திரையையும் தேடி அலைவது என்று இம்முயற்சிகள் நீள்கின்றன. நாயின் உடலில் தசை எவ்வாறு உருவாகின்றது, அதனைத் தீங்கின்றி வளர்ப்பது எப்படி, அவ்வாறு வளர்ந்த வலு எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை விளங்கிக்கொண்டால் இந்த வீண் முயற்சிகளுக்கு இடமிராது.

தசை வளரும் விதம்

உழைக்கும்போது தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. உணவிலிருந்து கிடைக்கும் புரதத்தைக் கொண்டு, ஓய்வு வேளையிலேயே உடல் அச்சிதைவுகளைச் சீர்செய்து, முன்னிலும் உறுதியான தசையைக் கட்டுகின்றது. ஆகவே உழைப்பு, உணவு, ஓய்வு ஆகிய மூன்றும் அடுப்பின் மூன்று கற்களைப் போன்றவை. ஒன்று இல்லாவிட்டாலும் சட்டி நிற்காது. நாள் முழுவதும் கட்டிவைக்கப்பட்ட நாய்க்கு எவ்வளவு இறைச்சி போட்டாலும் அது கொழுப்பாகவே மாறும். பட்டினி கிடக்கும் நாயை மலையேற்றினால், அதன் உடல் தன் தசையையே கரைத்து எரிபொருளாக்கிக்கொள்ளும்.

இம்மூன்றுக்கும் மேலாகப் பரம்பரையும் ஓர் எல்லையை வகுக்கின்றது. தசை அளவுக்கு மீறி வளராமல் கட்டுப்படுத்தும் மயோஸ்டற்றின் என்ற புரதம் உடலில் உண்டு. விப்பெற் என்ற ஓட்ட நாய்களைப் பற்றி 2007 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அப்புரதத்துக்குரிய மரபணுவில் ஏற்பட்ட பிறழ்வைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற நாய்கள் உணவோ பயிற்சியோ காரணமின்றியே பருத்த தசைகளுடன் வளர்வதைக் கண்டறிந்தது. திரையில் தெரியும் உடலமைப்புப் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது வளர்ப்பு முறை அன்று, பிறப்பே. தமிழகத்தின் இராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்கள் வேட்டைக்குப் பெயர்பெற்றவையாயினும் ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் கொண்டவை. நமது ஊர் நாயும் மெலிந்து நீண்ட உடல்வாகு கொண்டதே. அதனை அதன் இயல்புக்குள் வலுவாக்கலாம். வேறொரு இனமாக மாற்ற முடியாது.

முதலில் நோய் நீக்கம்

எவ்வளவு உண்டாலும் உடம்பு தேறாத நாயை நாம் அடிக்கடி காண்கின்றோம். அதற்குக் காரணம் பெரும்பாலும் உணவுக் குறைவு மட்டுமன்று. குடலில் உள்ள கொழுக்கிப் புழுக்கள் இரத்தத்தை உறிஞ்சுகின்றன. அவற்றுள் ஓர் இனத்தின் விஞ்ஞானப் பெயரிலேயே சிலோன் என்ற நமது நாட்டின் பழைய பெயர் இடம்பெற்றுள்ளது. அன்சைலோஸ்டோமா சிலானிக்கம் எனப்படும் அப்புழு, நாயின் மலம் கலந்த மண்ணின் ஊடாக மனிதரையும் தொற்றக்கூடியது. வெறுங்காலுடன் பிள்ளைகள் விளையாடும் லய முற்றங்களில் இது நாயின் பிரச்சினை மட்டுமன்று. உண்ணிகள் பரப்பும் இரத்த நோய்களும் நாயைச் சோகை பிடிக்கச் செய்து, சிறிது தூரம் நடந்தாலே களைக்க வைக்கின்றன.

ஆகவே பயிற்சியைத் தொடங்குமுன் அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு நாயைக் கொண்டுசென்று பரிசோதிப்பதும், புழு மருந்து கொடுப்பதும், உண்ணியை ஒழிப்பதும், விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பூசியை ஏற்றுவதும் அவசியம். அடித்தளம் இல்லாமல் சுவர் எழுப்ப இயலாது.

சட்டியில் என்ன இருக்கின்றது?

தோட்டப்புற நாயின் உணவு பெரும்பாலும் மிஞ்சிய சோறும் கோதுமை மா ரொட்டித் துண்டுகளும் கறிச் சாறுமே. நாய்க்குச் சோறு ஆகாது என்று கூறுவோர் உளர். அது சரியன்று. மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் மரபணுவின் பிரதிகள் ஓநாயை விட நாயிடம் பன்மடங்கு அதிகம் என்று 2013 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. மனிதனின் குப்பைமேட்டை அண்டி வாழ்ந்து, அவன் தானியத்தையே உண்ணப் பழகிய விலங்கு அது. சோற்றால் வயிறு நிறையும். ஆனால் சோறு மட்டும் தசையைத் தராது என்பதே விடயம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்குச் சாதாரண நடமாட்டத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி தேவை. அதனை முழுவதும் சோற்றிலிருந்து பெற வேண்டுமாயின் சுமார் 650 கிராம் சோறு போட வேண்டும். அதில் கிடைக்கும் புரதம் 17 அல்லது 18 கிராம் மாத்திரமே. அந்த நாய் உடல்நலத்துடன் இருப்பதற்கே 25 கிராம் அளவில் தேவை. தசை கட்டுவதற்கு அதனிலும் இரு மடங்கு நல்லது.

அதற்குப் பதிலாக 350 கிராம் சோறு, எலும்பு நீக்கி அவித்த கோழியிறைச்சி 150 கிராம், அவித்த முட்டை ஒன்று, சிறிது அவித்த கரட் அல்லது பூசணி என்று கொடுத்தால் கலோரி ஏறத்தாழ 800 ஆகவே இருக்கும். புரதமோ 55 கிராம் அளவுக்கு உயர்ந்துவிடும். அலாஸ்காவின் பனிச்சறுக்கு வண்டி நாய்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1999 இல் வெளியான ஆய்வொன்றில், உணவுச் சக்தியில் மிகக் குறைந்த வீதத்தைப் புரதத்திலிருந்து பெற்ற நாய்களுக்கே பயிற்சிக் காலத்தில் காயங்கள் அதிகமாக ஏற்பட்டன. வெறும் சோற்றில் அந்த வீதம் 8 அளவிலேயே உள்ளது. மேலே கூறிய உணவில் அது 25 வீதத்தைத் தாண்டுகின்றது.

நாளாந்தம் கோழியிறைச்சி வாங்குவது தொழிலாளர் குடும்பத்துக்கு இயலாத காரியம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் புரதம் இறைச்சித் துண்டில் மட்டும் இல்லை. இறைச்சிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் இதயம், இரைப்பை, சிறிதளவு ஈரல் ஆகியவற்றை நன்கு அவித்துக் கொடுக்கலாம். நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து, உப்பு நீரைக் கொட்டிவிட்டு அவித்துப் போடலாம். சோயா மீட் 50 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. எனினும் சுவையூட்டப்படாத சோயாவையே தெரிவுசெய்ய வேண்டும். பக்கற்றுடன் வரும் சுவைத்தூளில் உப்பும் வெங்காயமும் உள்ளியும் சேர்ந்திருப்பதுண்டு. ஈரலை வாரத்தில் ஓரிரு தடவைகளுக்கு மேல் கொடுக்கலாகாது. அதில் செறிந்துள்ள விற்றமின் ஏ அளவு மீறினால் எலும்பைப் பாதிக்கும். உள்ளுறுப்புகளைப் பச்சையாகப் போடுவது நாடாப்புழு நோய்களுக்குக் கதவு திறப்பதாகும்.

வீட்டுச் சமையலில் பெரிதும் குறைவது கல்சியம். முட்டை ஓட்டைக் கழுவி, உலர்த்தி, மாவாக இடித்து, மேலே கூறிய உணவுடன் அரைத் தேக்கரண்டி சேர்த்தால் அக்குறை பெருமளவு நீங்கும். ஆனால், கடையில் வாங்கும் குட்டிகளுக்கான உணவைக் கொடுப்போர் அதற்கு மேலாகக் கல்சியம் சேர்ப்பது தவறு. பெரிய இனக் குட்டிகளின் எலும்பு வளர்ச்சி அதனால் கோணலாகும்.

விலக்க வேண்டியவையும் உள. வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பு இரத்த அணுக்களைச் சிதைப்பவை. எனவே தாளித்த பருப்புக் கறியும் தேங்காய்ச் சம்பலும் நாயின் சட்டிக்கு உரியவை அல்ல. சொக்கலேற், திராட்சை, முந்திரிகை வற்றல் ஆகியன நஞ்சாகும். தேயிலையில் உள்ள கஃபீனும் நாய்க்கு ஆகாது. எனவே தேநீர் வடித்த தூளையும் நாய்க்கு எட்டாத இடத்திலேயே கொட்ட வேண்டும். சமைத்த எலும்பு உடைந்து, குடலைக் கிழிக்கக்கூடும்.

சரிவே பயிற்சிக் களம்

உடற்பயிற்சிக்கு மலையகத்தார் செலவு செய்ய வேண்டியதில்லை. தேயிலை மலையின் ஏற்றப் பாதையே போதும். ஏற்றத்தில் நடக்கும் நாய் பின்னங்கால்களையும் இடுப்பையும் கொண்டு உடலைத் தள்ளுகின்றது. அங்கேயே வலுவான தசை உருவாகின்றது. இறக்கத்திலோ எடை முழுவதும் முன்னங்கால் மூட்டுகளில் விழுகின்றது. எனவே ஏற்றத்தில் உற்சாகமாகவும் இறக்கத்தில் மெதுவாகவும் நடத்த வேண்டும்.

முதல் வாரத்தில் காலையும் மாலையும் 15 நிமிட நடை போதுமானது. பின்னர் வாரத்துக்கு ஓரிரு நிமிடங்களாகக் கூட்டலாம். வாரத்தில் ஓரிரு நாட்கள் சாதாரண நடமாட்டத்துடன் ஓய்வு தர வேண்டும். வயிறு நிறைய உண்ட கையோடு ஓட விடலாகாது. ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நாய் வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் விலங்கன்று. குளிர்ப் பிரதேசமாயினும் உச்சி வெயிலில் ஓடவிடுவது வெப்பத் தாக்கத்துக்கு வழிவகுக்கும். களைநாசினி தெளித்த மலைகளைத் தவிர்க்க வேண்டும்.

குட்டிகளின் விடயத்தில் கூடிய எச்சரிக்கை தேவை. எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு இனத்தைப் பொறுத்து ஏறத்தாழ ஒரு வருடமும், பெரிய இனங்களில் ஒன்றரை வருடம் வரையும் செல்லலாம். அதற்கு முன் பாரம் இழுக்க விடுவதும் உயரத்திலிருந்து குதிக்க விடுவதும் வாழ்நாள் முழுவதுக்குமான ஊனத்தை விலைக்கு வாங்குவதாகும். நடையில் நொண்டல், மறுநாளும் நீங்காத விறைப்பு, கறுத்த நிறச் சிறுநீர் ஆகியன அளவு மீறியதன் அடையாளங்கள். கறுத்த சிறுநீரைக் கண்டால் தாமதியாது வைத்தியரை நாட வேண்டும். வலிக்கு மனிதர் உண்ணும் பரசிற்றமோல், இபுபுரோஃபன் போன்றவற்றைத் தாமாகவே கொடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

முன்னேற்றத்தை அறியத் தராசு மட்டும் போதாது. விலாவில் கைவைத்தால் எலும்புகள் இலகுவாகத் தட்டுப்பட வேண்டும். ஆனால் துருத்தி நிற்கலாகாது. மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும். முதுகெலும்பின் இருபுறமும் தொடையிலும் தசை நிறைந்திருக்க வேண்டும். இதற்கு வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும்.

அந்த மாதங்களைச் சுருக்கவே ஸ்ரீரொயிட் ஊசியை நாடுகின்றனர். வைத்தியரின் தேவையறிந்த சிகிச்சை வேறு, உடம்பைப் பருக்க வைக்கும் நோக்கம் வேறு. இந்த ஊசிகள் ஈரலைப் பாதிப்பதோடு இனப்பெருக்க ஆற்றலைக் குன்றச் செய்கின்றன. இளம் நாய்களின் எலும்பு வளர்ச்சியை முன்கூட்டியே நிறுத்திவிடவும் கூடும். மூர்க்கத்தையும் தூண்டக்கூடியவை. பத்துக் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் லயத்தில், கட்டுக்கடங்காத மூர்க்க நாயின் முதல் இலக்கு கள்வன் அல்லன். பக்கத்து வீட்டுப் பிள்ளையே.

வலுவின் எல்லை

இங்கு இன்னொரு தவறான நம்பிக்கையையும் களைய வேண்டியுள்ளது. நாயைப் பலமாக்கினால் அது சிறுத்தையை எதிர்த்து நிற்கும் என்பதே அது. சிவனொளிபாதமலைக் காட்டை அண்டிய தோட்டங்களில் சிறுத்தைகள் நடமாடுவதும், இரவில் நாய்களைக் கவர்ந்து செல்வதும் மக்கள் அறிந்ததே. 50 கிலோவையும் தாண்டக்கூடிய, பதுங்கியிருந்து கழுத்தைக் கவ்வும் ஆண் சிறுத்தைக்கு முன் 15 கிலோ நாயின் தசை என்ன செய்யும்? அதிலும் வெளியே சங்கிலியில் கட்டப்பட்ட நாய்க்கு ஓடித் தப்பும் வழியும் இல்லை. அது சிறுத்தையை வாசலுக்கு வரவழைக்கும் இரையாகவே ஆகிவிடுகின்றது. ஆகவே இரவில் நாயை இஸ்தோப்பிலோ, உறுதியான கதவுள்ள கூட்டிலோ அடைப்பதே அதற்கும் வீட்டாருக்கும் பாதுகாப்பு. உள்ளிருந்து குரைத்தாலும் காவல் காவல்தான்.

நாயைக் காட்டுக்குள் அவிழ்த்துவிடுவதும் ஆபத்தானது. பன்றிக்கு வைக்கப்படும் கம்பிச் சுருக்கு ஆள் பார்த்துப் பிடிப்பதில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அத்தகைய சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, சிகிச்சை பலனின்றி உயிரிழந்தது. சிறுத்தைக்கு நேர்ந்தது நாய்க்கும் நேரலாம்.

வாயில்லாச் சீவனின் பசிக்குப் பொறுப்பேற்பதை நமது சமயங்கள் அறமாகவே போதித்துள்ளன. தருமர் தம்மைப் பின்தொடர்ந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்ததை மகாபாரதம் கூறும். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட வரலாற்றை இஸ்லாமியர் ஹதீஸின் வாயிலாக அறிவர். கால்நடைக்கும் பயிருக்கும் காவலாக நாய் வைத்திருக்க மார்க்கம் இடமளித்துள்ளது. அதன் உமிழ்நீர் பட்டால் தூய்மை செய்யும் முறையையும் வகுத்துள்ளது. சட்டமும் இதில் வாளாவிருக்கவில்லை. மிருகங்களுக்குக் கொடுமை இழைத்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டது.

பலமான நாயை விரும்புவோர் ஊசிக்கும் சங்கிலிக்கும் செலவிடும் பணத்தை முட்டைக்கும் புழு மருந்துக்கும் செலவிடட்டும். நாளாந்தம் அரை மணி நேரம் அதனுடன் மலையேறட்டும். ஆறு மாதங்களில் அந்த நாய் திரையில் கண்ட நாயைப் போல் ஆகாது. ஆனால் நோயின்றி, களைப்பின்றி, எசமானின் சொல் கேட்டு, பல வருடங்கள் வாசலில் நிற்கும். காவலுக்கு வேண்டியதும் அதுவே.