ஊறிய அட்டையும் பணம் வாங்கும்

மார்க்கெட் வாசலில் பூ விற்கும் அம்மாவின் கூடையோரம் ஒரு கியூஆர் அட்டை சாய்ந்திருக்கிறது. மல்லிக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அதன் கீழ் வலது மூலை ஊறி, மை கலைந்துவிட்டது. ஆனாலும் போனை நீட்டியதும் அவர் பெயர் திரையில் வந்துவிட்டது.

போனது அந்த ஒரு மூலை என்பதால் அட்டை பிழைத்தது. மற்ற மூன்று மூலைகளிலும் பெரிய சதுரங்கள் இருக்கின்றன. அவற்றின் நடுவே எப்படிக் கோடு இழுத்தாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று 1:1:3:1:1 அளவில் வரும். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், கார் பாகங்களைக் கணக்கெடுக்க கியூஆர் குறியீட்டை உருவாக்கிய மசாஹிரோ ஹாராவின் குழு, அச்சுத்தாள்களைப் புரட்டிப் புரட்டி, அவற்றில் மிக அரிதாக வரும் விகிதத்தைத் தேடி எடுத்தது. அதனால்தான் எத்தனை எழுத்துக்கும் படத்துக்கும் நடுவில் இருந்தாலும், எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும், கேமரா இதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

கலைந்த மூலையை மீட்பது கணக்கு. ஒரு நேர்கோட்டைச் சொல்ல இரண்டு புள்ளிகள் போதும். நான் ஐந்து தருகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இடம் மாறிப்போனாலும் மற்ற நான்கும் ஒரே கோட்டில் நின்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட முறையின் சாரம் இதுதான். கட்டங்களில் ஒரு பகுதி செய்தி. மீதி, செய்தி கெட்டால் மீட்க வைத்திருக்கும் கூடுதல் எண்கள். பாதுகாப்பை உச்சத்தில் வைத்தால் ஏறக்குறைய 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கலாம். கீறல் விழுந்த சிடி பாடுவதும் இந்த முறையால்தான்.

அட்டைக்குள் பணம் எதுவும் இல்லை. இருப்பது யாருக்குச் சேர வேண்டும் என்ற விலாசம் மட்டும். பின் நம்பர், வங்கிக் கணக்கு, சரிபார்ப்பு எல்லாம் போனிலும் தொலைவில் இருக்கும் கணினிகளிலும் நடக்கின்றன. கார்டு தேய்க்கும் மெஷினுக்கு சார்ஜ் வேண்டும், பேப்பர் ரோல் வேண்டும். அட்டைக்கு எதுவும் வேண்டாம். 2016இல் வந்த யுபிஐ பூக்கூடை வரை இறங்கியதற்கு இந்த எளிமை பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

எளிமையில் ஆபத்தும் உண்டு. ஒருவர் அட்டை மேல் இன்னொருவர் அட்டையை ஒட்டிவிட்டால் கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே பின் நம்பர் போடும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள், கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது கேட்டால் அது மோசடி.

பணம் வாங்குபவர் ஏமாறாமல் இருக்க, கூடையருகே ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது. அதற்கென்று தனி சிம் உண்டு. பணம் வரவானதும் தகவல் நேராக அதற்கே வருகிறது. போலி ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி அதைப் பேசவைக்க முடியாது. இருபது ரூபாய் வந்ததாகப் பெட்டி சொன்னது. அந்த அம்மா தலை நிமிரவில்லை. ஒரு கையால் நாரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் முழத்தை இலையில் சுற்றி நீட்டினார்.