படகின் பாட்டரியும் சார்ஜரும்

நெசவாளர்க்கும் உழவர்க்கும் உரிய இவ்விதழில் மீன்பிடிப் படகைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். நெசவாளர் வீட்டு இன்வெர்ட்டரிலும், உழவரின் டிராக்டரிலும், மீனவரின் படகிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்த ஈய அமில பாட்டரிதான். 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளான்டே கண்ட அமைப்பே இன்றும் அதன் அடிப்படை. உப்புக்காற்றும் அலையின் குலுக்கலும் தாக்கும் படகில் அதனைக் காக்கும் வழி தெரிந்தவர், தறிக் கூடத்திலும் களத்துமேட்டிலும் அதனை எளிதாகக் காப்பர்.

2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நமது கடற்கரையில் கட்டுமரங்கள் பலவற்றின் இடத்தைப் பைபர் படகுகள் பெற்றன. விளக்கு, வழிகாட்டும் ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வி.எச்.எப். வயர்லெஸ் ஆகியவையும் படகில் ஏறின. இவை யாவும் ஒரு பாட்டரியை நம்பியே இயங்குகின்றன. நள்ளிரவில் அது ஓய்ந்துவிட்டால் விளக்கு அணையும்; எதிரே வரும் கப்பலுக்குப் படகு தெரியாது; ஆபத்து அழைப்புக்கென உள்ள 16-ஆம் அலைவரிசையில் உதவி கோரவும் இயலாது. இது உயிரைப் பற்றிய செய்தி.

பணத்தைப் பற்றிய செய்தியும் உண்டு. பாட்டரிக்குக் கடன் கோரும் மனுக்களை ஆராயும்போது, முன் வாங்கிய கடன் தீருமுன்பே பாட்டரி தீர்ந்துவிட்ட நிலையை நாம் காண்கிறோம். நன்கு பேணினால் சில ஆண்டுகள் உழைக்க வேண்டிய பொருள் ஓராண்டில் பழைய ஈயத்தின் விலைக்குப் போகிறது. இதற்குக் காரணம் என்ன?

பாட்டரி மின்சாரத்தைக் கொடுக்கும்போது அதன் ஈயத் தகடுகளின்மேல் ஈய சல்பேட்டு என்னும் உப்புப் படிகிறது. உடனே மீண்டும் மின்சாரம் ஏற்றினால் அவ்வுப்பு கரைந்து தகடு பழைய நிலையை அடையும். நாட்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால் உப்பு கெட்டிப்பட்டுப் பின்னர் கரைய மறுக்கும். எனவே, பாட்டரி உழைப்பினால் கெடுவதைவிடப் பட்டினியால் கெடுவதே மிகுதி எனலாம். பாட்டரியைத் தோளில் சுமந்து ஊருக்குள் சென்று சார்ஜ் செய்து திரும்புவது கடினமான வேலை. ஆகவே, பலர் அதனை நாளைக்கு, மறுநாளைக்கு என ஒத்திப்போடுகின்றனர். படகிலேயே நிலையாகப் பொருத்தும் சார்ஜரின் பயன் இங்கேதான் விளங்குகிறது. கரை சேர்ந்ததும் இணைத்துவிட்டால் பட்டினி நேராது.

அளவறிந்து வாங்குதல்

முதலில் ஓர் இரவின் செலவைக் கணக்கிட வேண்டும். விளக்குகளுக்கு 2 ஆம்பியர் வீதம் 10 மணி நேரத்துக்கு 20 ஆம்பியர்-மணி, ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் இரண்டுக்கும் சேர்த்து 10. வயர்லெஸ் கேட்பதற்கும் பேசுவதற்கும் 8. ஆக மொத்தம் 38 என்று கொள்வோம். பாட்டரியின் கொள்ளளவில் பாதிக்குமேல் செலவழித்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 80 ஆம்பியர்-மணி பாட்டரி வேண்டும்.

சார்ஜரின் அளவு பாட்டரியின் அளவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காக இருப்பது நலம். அதாவது 8 ஆம்பியர். செலவான 38-ஐ அது சுமார் ஐந்து மணி நேரத்தில் ஈடுசெய்யும். முடிவில் மின்னோட்டம் குறைந்து மெல்ல ஏறுவதால், மொத்தம் ஏழெட்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். 14.4 வோல்ட் அளவில் ஏற்றி, நிறைந்தபின் தானே 13.6 வோல்ட் அளவுக்கு இறங்கும் சார்ஜரே ஏற்றது. விடாது ஏற்றிக்கொண்டேயிருக்கும் மலிவான சார்ஜர் நீரைக் கொதிக்கவைத்துத் தகட்டை அரித்துவிடும். லித்தியம் பாட்டரி வைத்திருப்போர் அதற்கென அமைந்த சார்ஜரையே வாங்க வேண்டும்.

பொருத்தும் முறை

சார்ஜர் நீர் புகாத வகையாக இருத்தல் அவசியம். அதனை அடித்தட்டில் தேங்கும் நீர் எட்டாத உயரத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில் திருகாணியிட்டுப் பொருத்துக. பாட்டரிக்கு நேர் மேலே பொருத்தலாகாது. சார்ஜ் ஏறும்போது எழும் ஹைட்ரஜன் வாயு மேல்நோக்கிச் செல்லும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். பாட்டரிப் பெட்டியை முற்றிலும் அடைத்துவிடாமல் வாயு வெளியேற வழி விடுக. பாட்டரி நகராதபடி வாரினால் இறுகக் கட்டுக. கடல்நீர் உள்ளே புகுந்து அமிலத்துடன் கலந்தால் நச்சுடைய குளோரின் வாயு உண்டாகும்.

வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்புக் கம்பியையே பயன்படுத்துக. நேர்முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். எஞ்சினுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என இரு பாட்டரிகள் இருப்பின், இரு தனி வெளிவழிகள் உள்ள சார்ஜரை வாங்குக.

கரையிலிருந்து வருவது 230 வோல்ட் மின்சாரம். ஈர உடம்புக்கு அது எமன். எர்த்துக் கம்பியும், கசிவை உணர்ந்து உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் இன்றி இணைப்புக் கொடுக்கவே கூடாது. இவ்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். மணற்கரையில் இழுத்தேற்றப்படும் படகுகளுக்கு இத்தகைய இணைப்புக் கிடைப்பதரிது. அவர்கள் 100 வாட் சூரிய ஒளிப் பலகையைக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் பொருத்தலாம். நல்ல வெயிலில் அது 5 ஆம்பியர் அளவில் தரும்.

பேணும் முறை

வாரம் ஒருமுறை முனைகளைத் துடைத்து, பச்சை பூத்திருந்தால் சமையல் சோடாக் கரைசலால் கழுவி, உலர்த்தி வாசலைன் தடவுக. கரைசல் பாட்டரிக்குள் விழாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். திறந்து நீர் ஊற்றும் வகையாயின் மாதம் இருமுறை நீர்மட்டம் பார்த்து, வடித்த நீரை மட்டும் விடுக. கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகா, ஆசிட்டும் ஆகாது. தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்குமளவு உடனே விட்டு, எஞ்சியதைச் சார்ஜ் முடிந்தபின் நிரப்புக. சில மணி நேரம் ஓய்வில் இருந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் பாதி. 12-க்குக் கீழ் இறங்கினால் பட்டினி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் ஓய்ந்திருக்கும் விசைப்படகுகளின் பாட்டரி சும்மா இருந்தே வலுவிழக்கும். அக்காலத்திலும் சார்ஜ் நிறைவாக இருத்தல் வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

தனி உறுப்பினருக்குப் பாரமான சிலவற்றைச் சங்கம் எளிதில் செய்யலாம். அமிலத்தின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்றும், வோல்ட் மீட்டர் ஒன்றும், வடித்த நீரும் சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். பாட்டரிக் கடன் பெற்றவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்கிய நாள், மாதந்தோறும் பார்த்த வோல்ட் அளவு, நீர் விட்ட நாள் ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேடு ஒன்று தொடங்கலாம். அளவு குறையத் தொடங்கும் மாதமே உறுப்பினரை எச்சரிக்க அது உதவும். உத்தரவாதக் காலத்திற்குள் பழுது நேர்ந்தால் விற்றவரிடம் காட்டத்தக்க சான்றும் அதுவே. கரை மின் இணைப்புக்கும் தனித்தனியே அலைவதைவிடச் சங்கத்தின் பெயரால் ஒரே இணைப்புக் கோருவது சிறந்தது.

பதிவேட்டுக்கு ஆகும் செலவு ஒரு நோட்டின் விலை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனைப் பொருளாக வைத்து முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.