தாய் வீட்டு அடுப்பு

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். "மூக்கு அப்படியே அப்பாதான்!" "நெற்றி தாத்தாவைக் கொண்டிருக்கிறது!" என்று புக்ககத்தார் குழந்தையைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். பெற்றவளோ பிரசவ லேகியத்தை விழுங்கிவிட்டுப் பேசாமல் படுத்திருப்பாள்.

மாட்டு உலகத்திலும் இதே கதை நடந்திருக்கிறது, கேளுங்கள்.

ஆந்திரத்து ஓங்கோல் காளையைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை உடம்பு, மலை போலத் திமில். நெல்லூர் மாடு என்றும் இதைச் சொல்வதுண்டு. 1868-ல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் ஒரு கப்பல் பிரேசில் தேசத்துச் சால்வடார் துறைமுகத்தில் நின்றது. அதிலிருந்த ஓங்கோல் ஜோடி ஒன்று அங்கேயே விலைபோயிற்று. வெயிலுக்கும் உண்ணிக்கும் அஞ்சாத மாடு என்று கண்டதும் பிரேசில்காரர்களுக்கு ஆசை வளர்ந்தது. ஆனால் கடல் கடந்து மந்தை மந்தையாகக் கொண்டுவர முடியுமா? அந்த வருஷம் தொடங்கி நூறு வருஷத்தில் போய்ச் சேர்ந்த இந்திய மாடுகள் எல்லாம் சேர்ந்தும் சில ஆயிரம்தான்.

ஆகவே ஒரு யுக்தி செய்தார்கள். போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த திமிலில்லாத பசுக்களின் சந்ததி அங்கே ஏராளம். அவற்றோடு ஓங்கோல் காளையைச் சேர்த்தார்கள். பிறந்த கிடாரிக்கும் ஓங்கோல் காளை. அதன் கிடாரிக்கும் ஓங்கோல் காளை. தலைமுறைக்குத் தலைமுறை ஆதித் தாயின் பங்கு பாதி பாதியாகத் தேயும். ஐந்தாவது தலைமுறையில் 32-ல் ஒன்று! கன்றுக்குத் திமில் வந்தது, வெள்ளை நிறம் வந்தது, 'நெலோர்' என்ற பெயரும் வந்தது. (நெல்லூர்தான்; அவர்கள் நாக்கில் அப்படி ஆயிற்று.) ஆதித் தாய் போன இடம் தெரியவில்லை.

எங்கும் போகவில்லை அவள்! உயிரணுவுக்குள்ளே மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று உண்டு. உணவை எரித்துச் சக்தியாக்கித் தரும் குட்டி அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்கென்று தனி மரபுப்பொருள் இருக்கிறது. அது தாய் வழியாகத்தான் வரும். தகப்பன் எவ்வளவு பெரிய ராஜ காளையானாலும் அதில் கை வைக்க முடியாது.

1999-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் நெலோர் மாடுகளின் இந்த அடுப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் இருந்தது, ஐரோப்பியப் பசுவின் அடுப்பு! அந்த வமிசமும் நம் திமில் வமிசமும், மனிதன் மாடு வளர்க்கத் தொடங்குவதற்கு லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே பிரிந்தவை. ஆகையால் ஆள் மாறாட்டத்துக்கு இடமே இல்லை.

அடுத்த முறை, 'மூக்கு யாருடையது' என்று பேச்சுக் கிளம்பினால், லேகியம் சாப்பிடுகிறவளின் காதில் இதை மெதுவாகப் போட்டுவையுங்கள். மனிதப் பிள்ளைக்கும் இந்த அடுப்பு தாய் வீட்டுச் சீர்தான்.