வெளியாரின் சாட்சி: ஆதிக் கிறிஸ்தவமும் நமது அளவுகோலும்

வேலணையில் நான் தமிழ் படிப்பிக்கிற உயர்தர வகுப்பில் சைவப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கத்தோலிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். முஸ்லிம் பிள்ளைகள் மிகக் குறைவு. சென்ற தவணையில் ஒரு நாள், பாடம் முடிந்த பின் மாணவன் ஒருவன் ஒரு சிறு பிரசுரத்தைக் கொண்டு வந்து நீட்டினான். நம்மவர் யாரோ அச்சிட்டு விநியோகித்தது. யேசுவைப் பற்றியும் அவரைப் பின்பற்றியவர்களைப் பற்றியும் பைபிளுக்கு வெளியே உள்ள பழைய குறிப்புகள் அத்தனையும் பிற்காலத்தில் புகுத்தப்பட்ட பொய் என்று அதில் எழுதியிருந்தது.

"சேர், இது உண்மையோ?"

பையன் கத்தோலிக்கன். கேட்ட குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் பயம் இருந்தது. "வாற கிழமை சொல்லுறன் தம்பி" என்று அனுப்பிவிட்டேன். அந்த ஒரு கிழமை நான் தேடிப் படித்ததும் யோசித்ததும்தான் இக்கட்டுரை.

நம்மிடம் உள்ள அளவுகோல்

பழைய செய்தியொன்றை எப்படி எடைபோடுவது என்பதில் முஸ்லிம்களாகிய நமக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். யார் யாரிடமிருந்து கேட்டார் என்பது ஸனத். சொல்லப்பட்ட விஷயம் மத்ன். சங்கிலி அறுந்திருந்தால் அது முன்கதிஃ. அறிவிப்பாளரின் சொந்தச் சொல் மூலச் செய்திக்குள் கலந்துவிட்டால் அது முத்ரஜ். தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரிக்கும்படி அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குச் சொல்கிறது. விசாரி என்றுதான் கட்டளை. வீசி எறி என்றல்ல. அந்தப் பிரசுரத்தை எழுதியவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை.

யூதரும் றோமரும் சொன்னவை

முதலில் யோசேப்பஸ். யூத வரலாற்றாசிரியர். யூதர்களின் பழங்கால வரலாற்றை கி.பி. 93–94 அளவில் எழுதி முடித்தவர். அந்நூலின் 18ஆம் பாகத்தில் யேசுவைப் பற்றி ஒரு பந்தி வருகிறது. அதில் யேசுவே மெசியா என்றும், மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்றும் இருக்கிறது. கிறிஸ்தவராக மாறாத ஒரு யூதர் இப்படி எழுதியிருப்பாரா? மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜென், யோசேப்பஸ் யேசுவை மெசியாவாக ஏற்கவில்லை என்றே எழுதுகிறார். இன்றுள்ள வடிவில் அந்தப் பந்தியை முதன்முதல் எடுத்துக் காட்டுபவர் நான்காம் நூற்றாண்டு யூசேபியஸ். இடையிலே ஏதோ நடந்திருக்கிறது. பிரசுரம் பிடித்துக்கொண்ட இடம் இதுதான்.

ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை. பத்தாம் நூற்றாண்டில் மன்பிஜ் நகரின் பிஷப்பாக இருந்த அகாப்பியஸ், அரபியில் ஒரு வரலாறு எழுதினார். அதிலும் யோசேப்பஸின் இந்தப் பந்தி வருகிறது. ஆனால் தொனி தணிந்து. அடக்கமான அந்த வடிவத்தை 1971இல் ஷ்லோமோ பைன்ஸ் என்ற ஆய்வாளர் வெளிக்கொணர்ந்து விவாதத்துக்கு வைத்தார். யோசேப்பஸ் ஏதோ சுருக்கமாக எழுதியிருந்தார், பிற்காலக் கிறிஸ்தவக் கை அதில் சில சொற்களைச் சேர்த்தது என்பதே இன்று ஆய்வாளர் பலரின் முடிவு. நமது பாஷையில் அது முத்ரஜ். சேர்க்கப்பட்ட சொல்லை நீக்குவார்கள். முழுச் செய்தியையும் தள்ளிவிட மாட்டார்கள். மேலும் அதே நூலின் 20ஆம் பாகத்தில், கிறிஸ்து எனப்பட்ட யேசுவின் சகோதரர் யாக்கோபு கல்லெறிந்து கொல்லப்பட்ட செய்தி போகிற போக்கில் வருகிறது. புகழவோ பிரசாரம் பண்ணவோ எழுதிய வரியாக அது தெரியவில்லை. பெரும்பாலான ஆய்வாளர் அதை யோசேப்பஸின் எழுத்தாகவே ஏற்கிறார்கள்.

அடுத்து இரண்டு றோமர். பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, கி.பி. 112 அளவில் பேரரசர் திராஜனுக்குக் கடிதம் எழுதி, கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்கிறார். குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாக வைத்துப் பாடுகிறார்கள் என்று விசாரணையில் தெரிந்ததைச் சொல்கிறார். டாசிட்டஸ் கி.பி. 116 அளவில், 64ஆம் ஆண்டு றோமாபுரித் தீயைப் பற்றி எழுதும்போது, கிறிஸ்தவர்களுக்குப் பெயர் தந்தவர் பிலாத்துவால் மரண தண்டனை பெற்றார் என்கிறார். இருவருக்கும் கிறிஸ்தவர்களைப் பிடிக்கவே பிடிக்காது. அதனாலேயே அவர்களைக் கிறிஸ்தவப் பிரசாரகர் என்று யாரும் சொல்ல முடியாது.

டாசிட்டஸிலும் பிழை உண்டு. பிலாத்துவின் பதவிப் பெயரை அவர் தம் காலத்து வழக்கப்படி எழுதிவிட்டார். 1961இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு, பிலாத்து வகித்த பதவிக்கு வேறு பெயர் தருகிறது. கல் புத்தகத்தைத் திருத்தியது. ஆனால் பிலாத்து என்ற ஆளுநர் இருந்தார் என்பதையும் அதே கல்தான் உறுதி செய்தது.

இங்கே நம் வாசகருக்கு ஒரு கேள்வி எழும். நபி ஈஸா (அலை) அவர்கள் கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை, அவர்களுக்கு அப்படித் தோன்றச் செய்யப்பட்டது என்பது அந்-நிஸா 157ஆம் வசனத்தின் கருத்து. டாசிட்டஸ் அதற்கு மாறான சாட்சியா? அவர் அந்தச் சம்பவத்துக்கு இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு பிறந்தவர். றோமாபுரியில் மக்கள் அறிந்திருந்ததை எழுதினார். மனிதர் கண்ணுக்கு என்ன தெரிந்தது, ஊர் என்ன பேசியது என்பதைத்தான் வரலாறு பதிய முடியும். வசனம் பேசுவது அந்தத் தோற்றத்துக்கு அப்பால் உள்ளதை. இரண்டையும் ஒரே தராசில் போடத் தேவையில்லை. டாசிட்டஸைப் பொய்யர் ஆக்கினால்தான் நம் ஈமான் நிற்கும் என்றால், கோளாறு டாசிட்டஸில் இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம்

இலங்கையின் ஆதிக் கிறிஸ்தவத்துக்கும் முதற் சாட்சி ஒரு வெளியூர்க்காரர்தான். கொஸ்மஸ் என்று அறியப்படும் அலெக்சாந்திரிய வணிகர், ஆறாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு நூல் எழுதினார். தப்ரபேன் என்ற இத்தீவில் பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவர்களுக்கு ஒரு தேவாலயம் இருக்கிறது, அதன் குருவானவர் பாரசீகத்திலிருந்தே நியமிக்கப்படுகிறார், ஆனால் ஊர் மக்களும் அரசர்களும் வேறு சமயத்தவர் என்று அதில் சொல்கிறார்.

இவரை நம்பலாமா? அந்நூலின் முக்கிய நோக்கமே உலகம் உருண்டை அல்ல, பெட்டி வடிவானது என்று நிறுவுவது! தவிர, அவர் இலங்கைக்கு நேரில் வந்தாரா, கடலோடிகளிடம் கேட்டு எழுதினாரா என்பதிலும் விவாதம் உண்டு. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். உலகின் வடிவத்தை அவர் வேதத்திலிருந்து ஊகித்தார்; துறைமுகச் செய்தியைத் தொழிலிலிருந்து அறிந்தார். வானத்தில் பிழை விட்ட வியாபாரி சந்தையில் பிழை விட வேண்டும் என்றில்லை. மேலும் கிறிஸ்தவரான அவர், ஊர் முழுக்கக் கிறிஸ்தவம் என்று பெருமை பேசவில்லை. வந்தேறிய வணிகர் கூட்டம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார். தன் பக்கத்துக்கு இலாபமில்லாததைச் சொல்லும் சாட்சிக்குக் கனம் அதிகம்.

1912இல் அநுராதபுரத்தில் சிலுவை செதுக்கிய கருங்கல் ஒன்று கிடைத்தது. அது போர்த்துக்கேயர் காலத்தது என்ற கருத்து முதலில் இருந்தது. ஆனால் போர்த்துக்கேயர் 1505இல் வருவதற்கு ஏறத்தாழ ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே அநுராதபுரம் தலைநகர் என்ற நிலையை இழந்திருந்தது. பின்னர் கொட்றிங்டன் போன்றோர் கொஸ்மஸின் குறிப்போடு இணைத்து அதைப் பாரசீகக் கிறிஸ்தவரின் சிலுவை என்றார்கள். சென்னைப் பரங்கிமலையிலும் கேரளத்திலும் பஹ்லவி எழுத்துப் பொறித்த சிலுவைகள் உள்ளன. பஹ்லவி பழைய பாரசீகத்தின் எழுத்து. வடிவ ஒற்றுமையும் இம்முடிவுக்குத் துணை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அநுராதபுரக் கல்லில் ஆண்டு இல்லை. கொஸ்மஸை வைத்துக் கல்லின் காலத்தைச் சொல்லிவிட்டு, பிறகு அந்தக் கல்லை வைத்தே கொஸ்மஸ் உண்மை சொன்னார் என்றால், அது ஒரே ஆளை இரண்டு தரம் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது போல. பரங்கிமலைக் கல் போன்ற தனிச் சாட்சிகள் வந்து சேரும்போதுதான் பலம் கூடுகிறது. சூளவம்சம் இந்தத் தேவாலயத்தைப் பற்றித் தெளிவாக எதுவும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். பௌத்த சாசனத்தின் கதையைச் சொல்ல எழுந்த நூல், துறைமுகத்துப் பாரசீகரைப் பேசாததில் வியப்பில்லை. மௌனம் மறுப்பு ஆகாது.

அதே கோலால் நம்மையும் அளந்தால்

இலங்கை முஸ்லிம் வரலாற்றைப் பேசும் நம் மேடைகளில் பலாதுரீயின் செய்தி வராமல் இராது. மாணிக்கத் தீவின் அரசன், அங்கே இறந்துபோன முஸ்லிம் வணிகரின் பெண் மக்களை ஹஜ்ஜாஜிடம் கப்பலில் அனுப்பினான். தேபல் அருகே கடற்கொள்ளையர் அதைப் பிடித்தார்கள். அதுவே முஹம்மத் பின் காஸிமின் சிந்துப் படையெடுப்புக்குக் காரணமாயிற்று என்பது செய்தி. பலாதுரீ காலமானது கி.பி. 892இல். சம்பவம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இடைவெளி நூற்றைம்பது வருடத்துக்குக் குறையாது. தீவின் பெயரும் மாணிக்கத் தீவு என்றுதான் இருக்கிறது. அது இலங்கை என்பது அறிஞர் கொண்ட பொருத்தம்.

டாசிட்டஸுக்கும் சம்பவத்துக்கும் இடையே இருந்த தூரம் இதைவிடக் குறைவு. அவரைத் தள்ளுகிற வாதத்தால் பலாதுரீயையும் தள்ள வேண்டிவரும். பலாதுரீயை ஏற்கிற நியாயத்தால் அவரையும் கேட்க வேண்டிவரும். ஆளுக்கொரு கோல் வைத்தால் அது அளவு அல்ல, கள்ள நிறை.

அடுத்த தீவான நயினாதீவில், நாகபூஷணி அம்மன் கோவிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு. பேராசிரியர் இந்திரபாலா ஆராய்ந்து வெளியிட்டது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒன்று அரசுக்கு, மிகுதி உடையவனுக்கு என்கிறது. குதிரை என்றால் அரபிகள்தான், ஆகவே அன்றே ஊர்காவற்றுறையில் முஸ்லிம்கள் என்று நம்மவர் சிலர் ஒரே பாய்ச்சலாகப் பாய்வதுண்டு. இருந்திருக்கலாம். ஆனால் கல் சொல்வது பரதேசிகள் என்று மட்டும். கல் சொல்லாததைக் கல்லின் வாயில் வைத்தால், யோசேப்பஸின் பந்திக்குள் சொல் சேர்த்த அந்தக் கைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

நான் பிறந்தது யாழ்ப்பாணம் சோனகதெருவில். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கட குடும்பமும் உடுத்த உடுப்போடு போனது. வீட்டு உறுதி, வாப்பாவின் கணக்குக் கொப்பி எல்லாம் போயிற்று. பல வருடம் கழித்துத் திரும்பி வந்து பதியப் போனால், இங்கே இருந்ததுக்கு அத்தாட்சி கேட்டார்கள். பழைய அயலவரான சைவ மாஸ்ரர் ஒருவர் கடிதம் எழுதித் தந்தார். இன்ன ஒழுங்கையில் இன்ன குடும்பம் இருந்தது, எனக்குத் தெரியும் என்று நாலு வரி. எங்கள் தொழுகையைப் பற்றியோ நம்பிக்கையைப் பற்றியோ அதில் ஒன்றுமில்லை. அது அவருக்குத் தெரியாது, தேவையுமில்லை. நாங்கள் இருந்தோம் என்பதற்கு அது போதுமாக இருந்தது.

வெளியார் எழுதிய வரலாற்றின் பெறுமதியும் அவ்வளவுதான், அது குறைவானதுமல்ல. ஒரு கூட்டம் இருந்தது, இன்ன இடத்தில் கூடியது, இன்னாரைத் தலைவர் என்றது என்பதற்கு அது நல்ல சாட்சி. அந்தக் கூட்டத்தின் நம்பிக்கை சரியா என்று அது தீர்ப்புச் சொல்லாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி ஏழாம் நூற்றாண்டிலேயே எழுதிய ஆர்மேனியக் கிறிஸ்தவ வரலாறும் இத்தகையதே. அவர்கள் வணிகராக இருந்ததையும் போதித்ததையும் அது சொல்கிறது. நுபுவ்வத்தை அது ஏற்கவில்லை. அதற்காக நாம் அதைக் கிழித்துப் போடுவோமா?

அடுத்த கிழமை பையன் வந்தான். பிரசுரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "ஒரு பந்தியிலை சொல் சேர்த்திருக்கு, அது உண்மை. எல்லாம் பொய் எண்டது பிழை. உங்கட ஆக்கள் அந்தக் காலத்திலை இருந்தவை. பிடிக்காதவன்கூட எழுதி வைச்சிருக்கிறான். மற்றது உன்ரை நம்பிக்கை, அதை என்னட்டைக் கேளாதை" என்றேன்.

சிரித்துக்கொண்டு போனான். பிரசுரம் அச்சிட்ட அன்பருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. இக்கட்டுரையையே அவருக்கும் அனுப்பி வைக்கிறேன்.

உண்மையை நன்கறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.